படத்தில் இல்லாத மூன்று வசனங்கள்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் நாத்தனார் எழுதுவது. நான் இங்கே சுகம். குளிர்தான் எலும்பைத் துளைக்கிறது. படச்சுருள்கள் கெட்டுப்போகக் கூடாது என்று காப்பகத்தில் ஏ.சி.யை அப்படி வைத்திருக்கிறார்கள். நாங்கள் கெட்டுப்போவதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? அண்ணனின் டிரைவிங் ஸ்கூலில் இந்த மாதம் எத்தனை பேர் அவன் ஜோக்கைக் கேட்டுச் சிரித்து வண்டியைச் சுவரில் விட்டார்கள்?

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். எங்களிடம் இரண்டு பேசாத படங்கள் வந்திருக்கின்றன. ஒன்று ‘சாம்பல் மாளிகை’, பேய்ப் படம். இன்னொன்று ‘மாப்பிள்ளை மாடியேறினார்’, சிரிப்புப் படம். இரண்டிலும் ஒரே நடிகை. பெயர் எங்கும் இல்லை. நீளமான ஒற்றைச் சடை போட்டிருப்பதால் நாங்கள் ஒற்றைச்சடை என்றே கூப்பிடுகிறோம். நடுநடுவே வசனம் எழுதிக் காட்டும் அட்டைகளை யாரோ எப்போதோ வெட்டி எடுத்துவிட்டார்கள். உதடுகள் மட்டும் அசைகின்றன. ஜூலைக் கடைசியில் இரண்டையும் ஒரே நாளில் திரையிடப் போகிறோம். இரண்டையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

நான் காப்பாளரிடம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. “என் அண்ணிக்கு ஏழு வயசுல காய்ச்சல் வந்து காது போயிடுச்சு சார். ஆனா தெருவுக்கு அந்தப் பக்கம் ரெண்டு பேர் பேசினா, இந்தப் பக்கம் நின்னுக்கிட்டே என்னன்னு சொல்லிடுவாங்க” என்றேன். மனிதர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

முதலில் பேய்ப் படத்தின் கேசட்டை அனுப்பியிருக்கிறேன். மூலையில் நிமிடமும் நொடியும் ஓடும். எந்த இடத்தில் யார் என்ன சொல்கிறார்கள் என்று அந்த எண்ணோடு எழுதி அனுப்புங்கள். மறுக்கக் கூடாது.

அன்புடன்,
நாத்தனார்

*

ஜனவரி 30

அன்புச் சின்னவளுக்கு,

கடிதமும் கேசட்டும் கிடைத்தன. நாங்கள் சௌக்கியம். உன் அண்ணன் இதற்காகவே ஒரு வீடியோ டெக் வாங்கி வந்திருக்கிறார். குளிரில் வேலை செய்கிறாய், காதை மூடிக்கொள். காதின் அருமை எனக்குத் தெரியும்.

படத்தை நான்கு தடவை பார்த்தேன். முதல் தடவை பயமாக இருந்தது. இரண்டாவது தடவை உதட்டைப் பார்க்க ஆரம்பித்தேன், பயம் போயே போய்விட்டது. கேள்:

14:10. பேய் படியிறங்கி வருகிறது. ஒற்றைச்சடை சுவரோடு ஒட்டிக்கொண்டு கண்ணை உருட்டுகிறாள். சொல்வது: “சீக்கிரம் வாங்கண்ணே, கால்ல ஆணி குத்துது.”

14:25. பேய் சொல்வது: “மாவு கண்ணுக்குள்ள போயிருச்சும்மா, படி எங்க இருக்குன்னே தெரியல.”

27:50. அவள் மயங்கி விழுகிறாள். விழுந்த பிறகு சொல்வது: “நல்லா விழுந்தேனா?”

38:00. பேய் அவள் கழுத்தை நெரிக்கிறது. அவள்: “கூச்சமா இருக்கு, விடுங்க.” இருவரும் சிரிப்பை அடக்க முடியாமல் தலையைத் திருப்பிக்கொள்கிறார்கள். அதைத்தான் நாம் பயங்கரம் என்று நினைக்கிறோம்.

மொத்தம் அறுபத்திரண்டு வசனங்கள், தனித்தாளில் இருக்கின்றன. எனக்குப் பொழுது நன்றாகப் போயிற்று. அடுத்த படத்தையும் அனுப்பு.

அன்புடன்,
அண்ணி

[கீழே அண்ணனின் கையெழுத்தில்] அடியே சுண்டெலி! உன் அண்ணிக்கு உத்தியோகம் கொடுத்ததற்கு நன்றி. இனிமேல் வீட்டில் பேய்ப் படம், நான் வெளியில் போனாலும் அவளுக்குத் துணை இருக்கிறது. உன் கடிதம் அவள் கைக்கு வருவதற்கு முன்னால் நான் படித்துவிடுகிறேன், குடும்பத்தில் ரகசியம் எதற்கு? இவள் எழுதுவதையும் நானே தபாலில் சேர்க்கிறேன். தபால்காரனுக்கு அடுத்து நான்தான்.

*

பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு ஜலதோஷம், வேறொன்றும் இல்லை.

உங்கள் தாள்களைக் காப்பாளர் எல்லோரையும் கூட்டி வைத்து உரக்கப் படித்தார். “நல்லா விழுந்தேனா” என்ற இடத்தில் கணக்குப் பிரிவு அம்மா சிரித்துச் சிரித்து இருமலில் மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு எண்ணையும் நான் சரிபார்த்தேன். இங்கே அது விதி: யார் எழுதிக் கொடுத்தாலும் இன்னொருவர் படத்தோடு வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நொடி பிசகவில்லை.

சிரிப்புப் படத்தை அனுப்பியிருக்கிறேன். இது கொஞ்சம் கஷ்டம். பேய்ப் படத்தில் முகத்தைக் கிட்டத்தில் காட்டுகிறார்கள். இதில் எல்லாம் எட்டத்தில். வெயிலில், முழு ஆளும் முழு வீடும் தெரிகிற மாதிரி. முகம் நகத்தளவுதான். கதை இவ்வளவுதான்: தொப்பி போட்ட மாப்பிள்ளை ஒற்றைச்சடையை மாடி ஜன்னல் வழியாகத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்க்கிறான், அவளைத் தொங்க விடுகிறான், தவற விடுகிறான், பெட்டியில் போட்டுப் பூட்டுகிறான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

பெட்டியைப் பார்த்ததும் அண்ணன் ஞாபகம் வந்தது. எனக்கு ஒன்பது வயதில் என்னைத் துணி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியைக் காணோம் என்று அண்ணன் வீடு முழுக்கத் தேடுவது மாதிரி நடிப்பான். அப்பா அம்மா எல்லோரும் சிரிப்பார்கள். அப்போதிருந்தே அவன் நடிகன்தான்!

அன்புடன்,
நாத்தனார்

*

மார்ச் 9

அன்புச் சின்னவளுக்கு,

ஜலதோஷம் விட்டதா? இங்கே சௌக்கியம்.

இந்தப் படத்துக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது. டெக்கை நிறுத்தி நிறுத்தி, டி.வி.யில் மூக்கு இடிக்கும் அளவுக்கு நெருங்கி உட்கார்ந்து பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று நீயே பார்.

18:40. அவள் ஜன்னலுக்கு வெளியே தொங்குகிறாள், தொப்பிக்காரன் ஒரு கையால் பிடித்திருக்கிறான். அவள்: “கை வழுக்குது. நிஜமாவே வழுக்குது. நிறுத்தச் சொல்லுங்க.”

18:52. தொப்பிக்காரன்: “சிரி. படம் ஓடுது.”

33:05. பெட்டிக்குள்ளிருந்து அவள் தலையை மட்டும் தூக்குகிறாள்: “மூச்சு முட்டுது. இது நடிப்பு இல்ல.”

33:11. தொப்பிக்காரன்: “எல்லாரும் சிரிக்கிறாங்க பாரு.” மூடியை அழுத்துகிறான்.

41:20. அவள்: “வெளிய போறப்ப கதவைப் பூட்டிட்டுப் போறான். சாவி அவன்கிட்ட மட்டும்தான் இருக்கு.”

46:10. அவள்: “நான் எழுதறதையெல்லாம் அவன் படிக்கிறான். யார்கிட்டயும் சொல்ல முடியல.”

52:30. அவள்: “நீ ஒரு தடவை நேர்ல வந்து பாரு.”

மற்றவை தனித்தாளில். இந்தக் கடைசி மூன்றையும் நீ ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார். வேறு யாரும் பார்க்க வேண்டியதில்லை.

அன்புடன்,
அண்ணி

[கீழே அண்ணனின் கையெழுத்தில்] சுண்டெலி, இது சிரிப்புப் படமா, அழுகைப் படமா? உன் அண்ணி கையில் எதைக் கொடுத்தாலும் அழுமூஞ்சி ஆக்கிவிடுவாள். நான் பாதி படித்தேன், தூக்கம் வந்துவிட்டது.

*

மார்ச் 24

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் நலம்தானே? நானும் நலம்.

18:40ஐப் படித்ததும் படத்தைத் திரும்பப் போட்டேன். நான் இருபது தடவை சிரித்த இடம் அது. திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன், நீங்கள் எழுதியது அப்படியே இருக்கிறது. கட்டுரைக்கு எனக்கு வழி கிடைத்துவிட்டது அண்ணி. பயப் படத்தில் பயம் பொய். சிரிப்புப் படத்தில் பயம் நிஜம்.

ஆனால் ஒரு சந்தேகம். அந்த மூன்று இடங்களையும் நீங்கள் சொன்னபடி இரண்டு தடவை பார்த்தேன், ஐந்து தடவையும் பார்த்தேன். 41:20இல் ஒற்றைச்சடை நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். உதடே தெரியவில்லை. 46:10இல் ஒரு நாயும் கைவண்டியும் ஓடுகின்றன, மனிதர்களே இல்லை. 52:30இல் காலி ஜன்னல். அந்த வசனங்கள் படத்தில் எங்குமே இல்லையே? நீங்கள் இப்படித் தவறு செய்கிற ஆளே இல்லை. வேறு எங்காவது பார்த்ததை மாற்றி எழுதிவிட்டீர்களா? கதவு, சாவி, எழுதுவதைப் படிப்பது என்று இந்தக் கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் இருக்கிறது. கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறேன். சீக்கிரம் விளக்கம் எழுதுங்கள், காப்பாளர் தினமும் கேட்கிறார்.

அன்புடன்,
நாத்தனார்

*

மே 3

என் அருமைச் சுண்டெலிக்கு,

அண்ணன் எழுதுவது. உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? இத்தனை நாள் பதில் இல்லையே என்று நினைத்திருப்பாய். உன் அண்ணி ஸ்டூலில் ஏறி பல்ப் மாற்றப் போய் விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு போட்டிருக்கிறது. “வீட்ல மாடி ஜன்னல் இல்லாத குறைக்கு ஸ்டூல்ல ஏறி விழுந்தியா” என்று கேட்டேன், டாக்டரே சிரித்துவிட்டார். எழுதுகிற கை என்பதால் கொஞ்ச நாளைக்கு எழுத்து வேலை கிடையாது.

உன் கடிதத்தை நான் நிதானமாகப் படித்தேன். பிறகு நானே டெக்கைப் போட்டு உட்கார்ந்தேன். நீ சொன்னது சரி. 41:20இல் முதுகு. 46:10இல் நாய். 52:30இல் ஒன்றும் இல்லை. ரொம்ப நேரம் சிரித்தேன். அண்ணியையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்க்கச் சொன்னேன். படத்தில் இல்லாததை எழுதினால் உனக்கு வேலையில் கெட்ட பெயர் வரும் என்று எடுத்துச் சொன்னேன். இனிமேல் எழுத மாட்டாள்.

உன் வேலையில் நீ கெட்டிக்காரி என்று எனக்கு ரொம்பப் பெருமை. எதையும் விடாமல் சரிபார்க்கிறாய் பார், அதுதான் வேண்டும். கேசட் இரண்டையும் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

உன் அண்ணன்

*

மே 9
(தபாலில் சேர்க்காத கடிதம்)

அண்ணி,

நலம் விசாரிக்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

அண்ணனின் கடிதம் வந்தது. இன்று காலை உங்கள் தாளை எடுத்து, டி.வி.யை அணைத்துவிட்டு, அந்த மூன்று வரிகளை மட்டும் படித்தேன். வெளிய போறப்ப கதவைப் பூட்டிட்டுப் போறான். நான் எழுதறதையெல்லாம் அவன் படிக்கிறான். நீ ஒரு தடவை நேர்ல வந்து பாரு. ஒற்றைச்சடை பேசியது இல்லை இது. நீங்கள் பேசியது. என்னிடம்.

சரிபார்க்கும் விதி எங்களுக்கு உண்டு என்று நான்தான் உங்களுக்கு எழுதினேன். முகம் தெரியாத இடமாகப் பார்த்து எழுதினால் நான் கண்டுபிடிப்பேன் என்று அதை நம்பித்தான் எழுதியிருக்கிறீர்கள். கண்டுபிடித்தேன். கண்டுபிடித்து, அதை எண் போட்டு விளக்கி, அவன் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். உங்கள் கடிதத்தை அவன் பாதியில் தூங்கிப் படிக்காமல் விட்டிருந்தான் அண்ணி. நான்தான் அவனை எழுப்பினேன்.

அந்த அலமாரிக்குள் நான் சிரித்ததே இல்லை. உள்ளே துணி வாயை அடைக்கும். வெளியே எல்லோரும் சிரிப்பது கேட்கும். ஒரு தடவை பயத்தில் பாவாடையை நனைத்துவிட்டேன், அதற்கும் சிரித்தார்கள். பெரியவளான பிறகு நானும் அவர்களோடு எட்டத்தில் நின்றுகொண்டு அதைத் தமாஷாகச் சொல்லப் பழகிவிட்டேன்.

எனக்கு அவனைப் பார்த்தால் பயம். இதை எழுதுகிற இந்த நிமிடமும் கதவை இரண்டு தடவை பார்த்தாயிற்று.

*

மே 10

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

அண்ணிக்குக் கை அடிபட்டது கேட்டு மிகவும் வருத்தப்பட்டேன். வலி குறைந்திருக்கிறதா? நன்றாக ஓய்வு எடுக்கச் சொல் அண்ணா.

ஒரு பெரிய அசட்டுத்தனம் செய்துவிட்டேன், இரண்டு பேரும் மன்னிக்க வேண்டும். தவறு அண்ணியுடையது இல்லை. எங்கள் இயந்திரத்தில் எண் ஓடுவதில் கோளாறு. உங்களுக்கு அனுப்பிய கேசட்டிலும் அதே கோளாறு பதிவாகியிருக்கிறது, அதனால்தான் நீ பார்த்தபோதும் நாயும் முதுகும் வந்தன. இப்போது சரி செய்துவிட்டார்கள். அண்ணி எழுதிய மூன்று வசனங்களும் சரி. மூன்றையும் புரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

கேசட்டைத் தபாலில் அனுப்பாதே அண்ணா, உடைந்துவிட்டால் என் தலைதான் உருளும். அந்தப் பக்கம் வரும்போது நானே வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
சுண்டெலி

*

மே 26

சின்னவளுக்கு,

நலம். கை தேறுகிறது. இடது கையால் எழுதுகிறேன், கோணலாக இருக்கும். உன் இயந்திரம் சரியானது தெரிந்து சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷம்.

அண்ணி

[கீழே அண்ணனின் கையெழுத்தில்] இயந்திரக் கோளாறா? சரி, சரி, நம்பிவிட்டேன். நீ வருவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வா, நான் வீட்டில் இருப்பேன். வியாழக்கிழமை வந்து நிற்காதே. அன்று லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனால் சாயந்திரம் நாலு மணிதான். நீ எவ்வளவு மணி அடித்தாலும் உள்ளே இருப்பவளுக்குக் கேட்கவா போகிறது? ஹா ஹா.

*

ஜூன் 11, வியாழன்
(அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்தது)

அண்ணா,

நீ நலமாக இருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அண்ணியை அழைத்துக்கொண்டு போகிறேன். நீ சொன்னது சரிதான், மணி அடித்தால் அவருக்குக் கேட்காது. நான் மணி அடிக்கவில்லை. சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்று கண்ணாடியைப் பார்த்து உதட்டை அசைத்தேன். “நான் வந்துட்டேன் அண்ணி.” குரலே தேவைப்படவில்லை.

நான் கூட்டி வந்த பூட்டுக்காரர் தயங்கினார். “வீட்டுக்காரங்க சொல்லாம நான் எப்படிம்மா திறக்கறது?” என்றார். அண்ணி உள்ளேயிருந்து அவர் உதட்டைப் பார்த்துவிட்டு, “நான்தாங்க வீட்டுக்காரி, திறங்க” என்று சத்தமாகச் சொன்னார். அவர் பூட்டைத் திறந்தார்.

வீட்டில் எல்லா பல்ப்பும் பழையது. எதையும் யாரும் மாற்றவில்லை. கூடத்தில் ஸ்டூலே இல்லை. நான் பார்த்தேன் அண்ணா. எதையும் விடாமல் சரிபார்ப்பேன் என்று பெருமைப்பட்டாயே.

உன்னைப் பார்த்தால் எனக்கு ஒன்பது வயதிலிருந்து பயம். உன்னிடம் இதை முதல் தடவையாகச் சொல்கிறேன். சொன்ன பிறகும் பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் போகிறோம். அண்ணி எங்கே என்று என்னைக் கேட்காதே. என் வீட்டில் இருக்க மாட்டார்.

கேசட் இரண்டையும் எடுத்துக்கொண்டேன்.

உன் தங்கை

*

ஜூன் 27

என் அருமைச் சுண்டெலிக்கு,

சௌக்கியமா? என் சௌக்கியத்துக்கு என்ன குறைச்சல். வீடு அமைதியாக இருக்கிறது. முன்பும் அமைதிதான், இப்போது தமாஷும் இல்லை.

நீ செய்தது ரொம்ப நல்ல தமாஷ். கேட்டவர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். “தங்கச்சியே வந்து பொண்டாட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டா” என்று நானே எல்லோரிடமும் சொல்கிறேன். யாரும் என்னைத் தப்பாக நினைக்கவில்லை, தெரிந்துகொள்.

பேப்பரில் உங்கள் விளம்பரம் பார்த்தேன். ஜூலை 26, ஞாயிறு, பகல் இரண்டு மணி. பேசாத படங்கள் இரண்டு, ‘உதடுகளைப் படித்து வசனத்தை நேரில் வாசிப்பார் ஒரு பெண்மணி’. எந்தப் பெண்மணி என்று போடவில்லை. போட வேண்டுமா என்ன! டிக்கெட் வாங்கிவிட்டேன். முதல் வரிசை, நடு நாற்காலி. கிட்டத்தில் இருந்து பார்த்தால்தானே நன்றாக இருக்கும்.

உன் அண்ணன்

*

ஜூலை 8

அன்புச் சின்னவளுக்கு,

நான் சுகம். நீ ராத்திரி தூங்குகிறாயா? கதவுக்குப் புதுப் பூட்டு போட்டாயா? உறையின் மேல் என் முகவரி இருக்காது, இந்தப் பெண்கள் விடுதியின் வார்டன் அம்மாவின் உத்தரவு. மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள், இது வலது கை எழுத்து.

அவருடைய கடிதத்தின் நகலைப் படித்தேன். படித்துவிட்டு விடுதியின் பின்புறக் கதவு எங்கே இருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உன்னைப் போலத்தான் நானும்.

நிகழ்ச்சியையே நிறுத்திவிடலாம், அல்லது வேறு யாராவது வாசிக்கட்டும் என்று எழுதியிருந்தாய். வேண்டாம். உன் கட்டுரையில் எட்டம், கிட்டம் பற்றி எழுதியிருக்கிறாயே, அதையே நான் யோசித்துக்கொண்டிருந்தேன். கல்யாணமான இந்த ஒன்பது வருடம் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் எட்டத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள். அந்தப் பெண் “நிஜமாவே வழுக்குது” என்று சொன்னதை இத்தனை வருடம் யாரும் கேட்கவில்லை. நான் வாசிக்கப் போகாவிட்டால் அன்றைக்கும் எல்லோரும் சிரித்துவிட்டுத்தான் போவார்கள். அவரும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் வருகிறேன். வார்டன் அம்மா இரண்டு போலீஸ்காரர்களை வாசலில் நிறுத்த ஏற்பாடு செய்கிறேன் என்றார். என்னைத் திரைக்குப் பக்கத்தில், ஜனங்களைப் பார்த்தபடி உட்கார வை. முதுகைக் காட்டி உட்கார மாட்டேன்.

அன்புடன்,
அண்ணி

*

ஜூலை 28

அன்புச் சின்னவளுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ எப்படி இருக்கிறாய்? படம் முடிந்ததும் பின்வாசல் வழியாக என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், உன்னிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. நீ மாடியில் படம் ஓட்டும் அறையில் இருந்தாய். அங்கிருந்து உனக்கு ஜனங்களின் பின்மண்டைதான் தெரிந்திருக்கும். நான் பார்த்ததை எழுதுகிறேன்.

அவர் சொன்ன இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நடு நாற்காலி, வெள்ளைச் சட்டை. என் முன்னால் நீ வைத்த சின்ன டி.வி.யில் எண் ஓடியது. நான் தாளையும் எண்ணையும் பார்த்து வாசித்தேன், இடையிடையே அவரைப் பார்த்தேன்.

‘சாம்பல் மாளிகை’ ஓடியபோதுதான் எனக்கு உயிர் போயிற்று. எல்லோரும் சிரிக்கிறார்கள் என்பது தோள்கள் குலுங்குவதிலிருந்து தெரிந்தது. ஆனால் படம் முழுக்க இருட்டு. அந்த இருட்டு அப்படியே முன்வரிசையிலும் விழுந்தது. அவர் முகம் தெரியும், மறையும். மறையும்போதெல்லாம் எழுந்து வருகிறாரோ என்று நினைத்தேன். இரண்டு வரிகளை விட்டுவிட்டேன், கவனித்திருப்பாய்.

அடுத்த படம் தொடங்கியதும் வெயில் வந்தது. அவ்வளவு வெளிச்சமான படத்துக்கு நான் இப்போது நன்றி சொல்கிறேன். முன்வரிசையில் எல்லா முகமும் பளிச்சென்று தெரிந்தது. முதல் பத்து நிமிடம் சிரித்தார்கள். 18:40 வந்தது, வாசித்தேன். தோள்கள் நின்றன. 18:52 வாசித்தேன். ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குப் பிறகு கூடத்தில் உன் அண்ணன் ஒருவர்தான் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு உன் அண்ணனின் தோளும் நின்றது, புன்சிரிப்பு மட்டும் போகவில்லை.

பெட்டிக் காட்சிக்குக் கொஞ்சம் முன்னால் அவர் என்னோடு பேசினார். உனக்குத் தெரியாது, யாருக்குமே தெரியாது, வீட்டில் விருந்தாளிகள் இருக்கும்போது அவர் அப்படித்தான் பேசுவார். சிரித்த முகத்தோடு, குரல் இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்து. பார்க்கிறவர்களுக்கு ஆசையாக ஏதோ சொல்வது போல இருக்கும். அவர்கள் போன பிறகு என்னை என்ன செய்வார் என்பதை அவர்கள் நடுவிலேயே உட்கார்ந்து எனக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். அன்றைக்கும் அப்படியே. முந்நூறு பேர் நடுவில், புன்சிரிப்போடு.

“போதும். எழுந்திரு. வீட்டுக்கு வா.”

வாசிப்பதை நிறுத்திவிட்டேன். எண் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது வருடப் பழக்கம் சின்னவளே, என் கால் எழுந்திருக்கத் தயாராகிவிட்டது. நாற்காலியின் கையைக்கூடப் பிடித்துவிட்டேன். மைக் வாய்க்கு நேராக இருந்தது.

“வரமாட்டேன்” என்றேன்.

முந்நூறு பேருக்கும் கேட்டது. ஒற்றைச்சடை சொல்கிறாள் என்று நினைத்திருப்பார்கள், எல்லோரும் திரையைத்தான் பார்த்தார்கள். அவர் மட்டும் என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் சிரிப்பு இல்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு அவர் எழுந்து, காலை இடித்துக்கொண்டு, வரிசையைத் தாண்டி வெளியே போனார். நான் அடுத்த வசனத்தை வாசித்தேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த அறையில் உனக்கு ஒலிபெருக்கி இருந்ததே. எனக்கு என் குரல் கேட்காது. சொல்லும்போது என் உடம்பு முழுக்க நடுங்கியது. குரலும் நடுங்கியதா? உள்ளதை எழுது.

அன்புடன்,
அண்ணி